சீனியில் செய்த திமிங்கல வாசம்

1

மாதத்துக்கு ஒரு தடவையாவது ஊரிலிருந்து யாராவது அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸப்பில் தள்ளிவிடுவார்கள். தூத்துக்குடி ரோட்டில் காரை மறித்துச் சோதனை போட்டார்களாம், டிக்கிக்குள் திமிங்கல எச்சம் இருந்ததாம், ஆட்கள் கைதாம், மதிப்பு பல கோடியாம். கீழே என் சித்தப்பா மகன் எழுதியிருப்பான்: "ஜோதிக்கா, நீங்க செய்றதும் இதுதான? ஒரு கிலோ அனுப்பிவிட்டா நாங்க செட்டில் ஆயிருவோம்ல?"

அவனுக்குப் பதில் போடுவதை நிறுத்திவிட்டேன். உங்களுக்காவது ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கடத்தல்காரி இல்லை. திமிங்கலத்தை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது.

ஒருவகைத் திமிங்கலத்தின் குடலில் செரிக்காமல் கட்டிபட்டுக் கிடந்து, பிறகு கடலில் விழுந்து, வருடக்கணக்கில் உப்பிலும் வெயிலிலும் மிதந்து கரையொதுங்குகிற பொருள்தான் அம்பர். புதிதில் அது நாறும். நாள்பட நாள்பட நாற்றம் போய் வாசமாகிவிடும். அத்தர் செய்கிறவர்கள் காலங்காலமாக அதற்கு அலைந்தார்கள், ஏனென்றால் அது சேர்ந்துவிட்டால் வாசனை தோலை விட்டு லேசில் போகாது. நம் நாட்டில் அதைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். நாங்கள் அதே வாசத்தைத் திமிங்கலம் இல்லாமல் செய்கிறோம். கரும்புச் சீனியை ஈஸ்ட் போட்டு நொதிக்கவிட்டு, அதிலிருந்து ஒரு எண்ணெய் எடுத்து, அந்த எண்ணெயை மாற்றிக் கடைசியில் வெள்ளை வெளேரென்று படிகமாக இறக்குகிறோம். பார்வைக்குக் கல்கண்டுத் தூள்தான். வாசம் எப்படி என்று கேட்டால், வெயிலில் காய்ந்த வேட்டியை மடிக்கும்போது வருமே, அதில் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் மரமும் சேர்ந்த மாதிரி என்பேன்.

பிரான்சின் தெற்கே, வாசனைத் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் என்கிற மலையூரில், அந்தப் படிகத்தைச் சோதித்துத் தேற்றிவிடுவது என் வேலை. பாதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். மீதி என் மூக்கு. காகிதப் பட்டையில் தொட்டு மோந்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்ல வேண்டும். இந்த மூக்குக்காக நான் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் காபி கூடாது. தாளிக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடாது, பவுடர் கூடாது. குளிக்கிற சோப்பும் துவைக்கிற சோப்பும் வாசமில்லாதது. வெங்காயம் வதக்குவது சனிக்கிழமை மட்டும். சனிக்கிழமை வதக்கினால் சாப்பிட ஆள் நான் ஒருத்திதான், அதனால் பல வாரம் வதக்குவதே இல்லை.

போன வருடம் எனக்கு அந்தக் கம்பெனியில் பத்து வருடம் முடிந்தது. கேன்டீனில் கேக் வெட்டினார்கள். நாங்கள் முதன்முதலாகச் சரியாக இறக்கிய படிகத்தில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, என் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். கைதட்டல் முடிந்து ஒரு வாய்க் கேக் தின்பதற்குள் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். காட்ட வீட்டில் யாருமில்லை. கணவரும் நானும் பிரிந்து வெகுகாலமாகிறது. மகள் அனு வடக்கே லில் நகரத்தில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்குப் படமெடுத்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. இதை அம்மாவிடம்தான் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

2

அம்மா சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் தனியாக இருக்கிறாள். வாழ்நாள் முழுக்கப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்தியவள். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. சீசன் நாளில் அம்மா வேலை விட்டு வந்தால் அலுமினியப் பவுடர் ஏறிய கை வெள்ளிக் கையாக மின்னும். எத்தனை தேய்த்தாலும் சோறு பிசைகிற விரலிடுக்கில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

அந்தப் பவுடரும் கந்தகமும் அவள் மூக்கைத் தின்றுவிட்டன. எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. நாங்கள் யாரும் கேட்கவுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். கேஸ் வீடு முழுக்கப் பரவியிருக்கிறது, இவளுக்குத் தெரியவில்லை. உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தை வாசலிலேயே மூக்கைப் பிடித்திருக்கிறாள். உள்ளே ஓடி ரெகுலேட்டரைத் திருகி, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே உட்காரவைத்த பிறகுதான் கத்தியிருக்கிறாள். சுவிட்சைத் தொடவில்லை. எங்கள் தெருப் பெண்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

பேச்சியத்தை போனில் சொன்னபோது நான் பரிசோதனை அறையில், கையில் காகிதப் பட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். "ஏத்தா ஜோதி, நான் ஒரு அஞ்சு நிமிசம் பிந்தியிருந்தா உங்க அம்மா இல்ல பாத்துக்க," என்றாள். அன்றைக்கு என்னால் ஒரு பட்டையைக்கூட மோந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஊர் உலகத்துக்கு மோந்து பார்த்துக் கொடுக்கிறேன், பெற்றவள் வீட்டில் கேஸ் கசிகிறது. அம்மாவை எப்படியாவது என்னோடு கொண்டுவந்துவிடுவது என்று அன்றிலிருந்து குறியாக இருந்தேன். உண்மையைச் சொன்னால், கேஸ் மட்டும் காரணமில்லை. எனக்கும் வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

3

நான் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவள். என்னை நம்பியிருக்கும் தாய் என்று நிரூபித்தால் அம்மாவுக்கு நீண்டகால விசா கிடைக்கும். நிரூபிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காட்டில் களையெடுக்கப் போன இடத்தில் பிறந்தவளுக்கு யார் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்? ரேஷன் கார்டில் முத்துமாரி, ஓட்டு அட்டையில் மாரியம்மாள். இருவரும் ஒருத்திதான் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் ஒரு தாள், தாலுகா ஆபீஸ் ஒரு தாள், விருதுநகரில் ஒரு தாள், அத்தனைக்கும் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பு.

இங்கே இருக்கிற அலுவலகத்தில் ஒரு அதிகாரி அம்மாள், தாயாரை அழைக்க என்ன அவசரம் என்று கேட்டாள். அம்மாவுக்கு மோப்பம் கிடையாது என்று பிரெஞ்சில் சொல்லப்போய், பதற்றத்தில், என் அம்மா நாறுகிறாள் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். இத்தனை வருடம் இந்த மொழியில் சோறு தின்கிறேன், அவசரத்துக்கு அது எனக்கு உதவுவதில்லை.

ஒரு தடவை மறுத்தார்கள், மறுபடி போட்டேன், கிடைத்தது. அனுவைக் கூப்பிட்டு, பாட்டிக்கு உன் அறையைக் கொடுக்கப்போகிறேன் என்றேன். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் பிரெஞ்சில்தான் வரும். "கொடு, அதிலென்ன? ஆனால் நாள் முழுக்க அங்கே அவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டாள். என்ன செய்வாளோ, நான் இருக்கிறேன் அல்லவா என்று எரிந்து விழுந்தேன். "சரி அம்மா," என்றாள், இந்த இரண்டு வார்த்தையை மட்டும் தமிழில். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, குப்பியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

4

போன அன்றைக்கே குப்பியைத் திறந்து அம்மாவின் மூக்கடியில் பிடித்தேன். மெஷினே திணறுகிற வாசங்களையெல்லாம் சில மூக்குகள் பிடித்துவிடும், இது ஒன்றாவது அவளுக்குள் இறங்காதா என்று ஒரு நப்பாசை.

"ஒண்ணும் தெரியலடி," என்றாள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "வெடியுப்பு மாதிரியில்ல இருக்கு."

"நான் செஞ்சதும்மா. பத்து வருச உழைப்பு."

"நல்லாருக்கு, நல்லாருக்கு," என்று கையில் திருப்பிக் கொடுத்தாள், பள்ளிக்கூடத்தில் நான் பரிசாக வாங்கிவந்த தம்ளரைப் பார்த்துச் சொன்ன அதே தொனியில். சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மாவின் பாஸ்போர்ட்டையும் தாள்களையும் பயணத்துக்கு ஜெராக்ஸ் போடச் சிவகாசிக்குப் போய்விட்டு வெயிலேறத் திரும்பினேன். தெருமுனையிலேயே எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. சந்தேகமே இல்லை. எங்கள் தொழிற்சாலையில் படிகம் இறக்குகிற அன்றைக்கு வருமே, அந்த வாசம், விஸ்வநத்தத்துத் தெருவில். பேச்சியத்தை வாசலில் நின்று, "என்ன மதினி, எங்கயும் கோயில் கொடையா? தெருவே மணக்கு!" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலைந்து பெண்கள் சேலை முந்தானையை முகத்தில் வைத்துப் பார்ப்பதும் எடுப்பதுமாக நின்றார்கள். கொல்லைச் சுவரோரம் ஒரு ஆடு விட்டேனா பார் என்று மண்ணை மோந்துகொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் நடுவில் அம்மா மட்டும், "என்ன மணக்கு? எங்கன மணக்கு?" என்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஓடினேன். சாமி படத்துக்கு முன்னால் குப்பி இல்லை. கொல்லையில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது, அதனடியில் கழுவித் துடைத்த குப்பி. படிகத்தை வாளித் தண்ணீரில் கொட்டி, ஊறவைத்து, குழி தோண்டி ஊற்றி மூடியிருக்கிறாள். அது தண்ணீரில் கரையாது. பொடிப்பொடியாக மண்ணிலும் சுவரிலும் ஒட்டி, வெயில் பட்டதும் கிளம்பிவிட்டது.

"என்னம்மா செஞ்ச? அது சீனிம்மா! கரும்புச் சீனியில செஞ்சது!" என்று கத்தினேன்.

"சீனியா இருந்தா செகப்புக் கட்டம் எதுக்குடி போடுறான்? மீனு செத்து மல்லாந்து கெடக்கு, மரம் பட்டுப்போயி நிக்கி. இதைக் கொண்டாந்து சாமி படத்துக்கு முன்னால வைக்க, கூறு இருக்கா உனக்கு?"

குப்பியின் பின்பக்கம் அந்தப் படம் ஒட்டியிருந்தது உண்மைதான். இதைத் தண்ணீரில் கொட்டாதே, மீனுக்கு ஆகாது என்று சொல்வதற்காகப் போட்ட படம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா தண்ணீரில் கொட்டியிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்த வாளிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ராத்திரி முச்சூடும் அது வீட்டுக்குள்ள இருந்துருக்கு. காலைல அந்தப் படத்தைப் பாக்கவும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. மிச்ச மருந்தை ராத்திரி வைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? உனக்கா தெரியாது?"

அதற்குமேல் நான் கத்தவில்லை. பட்டாசு வேலையில் அன்றன்றைக்குக் கலக்கிய மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிஞ்சினால் சாயங்காலத்துக்குள் தண்ணீரில் நனைத்து அழித்துவிட வேண்டும். ஒரு தீபாவளி சீசனில், ஆர்டர் நெருக்கடியில், ஒரு ரூமில் மிச்ச மருந்தைத் தட்டோடு விட்டுவிட்டுப் போனார்கள். காலையில் முதல் ஆளாக அந்தத் தட்டை எடுக்கப் போனவர் என் அப்பா. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அம்மா நாலு ரூம் தள்ளி இருந்தாள்.

என் பத்து வருட உழைப்பு கொல்லையில் கிடக்கிறது என்ற கோபம் எனக்கு அந்த நிமிடமே வடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

5

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பேச்சியத்தை வந்தாள். கேஸ் கசிந்த நாளிலிருந்து இது அவர்களுக்குள் வழக்கமாகிவிட்டிருக்கிறது. எனக்கு யாரும் சொன்னதில்லை. நேராக அடுப்படிக்குப் போய் சிலிண்டர்ப் பக்கம் குனிந்து உஸ்ஸென்று இழுத்தாள். மோரை மோந்தாள், குழம்பை மோந்தாள், எண்ணெய் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"மோர் புளிச்சிருச்சு மதினி. கொழம்பு நல்லாருக்கு. எண்ணெய் சிக்குவாடை அடிக்கு, வெளக்குக்கு ஊத்துங்க."

அம்மா அவளுக்கு முன்னால் போய் நின்றாள். "எம் மேல எதுவும் அடிக்கா?"

பேச்சியத்தை அம்மாவின் தோளில் மூக்கை வைத்தாள். "சேலைய மாத்துங்க. வேர்வை வாடை."

எனக்குச் சுருக்கென்றது. வெளியாள் ஒருத்தி என் அம்மாவை இப்படிச் சொல்வதா? அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டு ஏதேதோ பேசினார்கள். பேச்சியத்தை கிளம்பும்போது, "நீங்களும் சாப்பிட்டுப் போகலாம்ல அத்தை," என்றேன். "நான் தெனமும் வர்றவதானத்தா," என்றாள்.

அவள் போனதும் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "நான் வரலடி ஜோதி."

விசா ஒட்டிய பாஸ்போர்ட் மேசைமேல் கிடந்தது. குப்பிக்காக நான் கோபித்துக்கொண்டதால் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அதுக்கில்ல. அங்க வந்தா எனக்கு இதையெல்லாம் யாரு சொல்லுவா?"

"நான் சொல்லுவேன்மா. என் தொழிலே அதுதான."

"நீ சொல்ல மாட்ட. பெத்த மக. நாறுனாலும் இல்லம்ப." வெற்றிலைத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்: "உன் வீட்டுக்கு யாருடி வந்து பாக்கா?"

"யாரும் வர்றதில்லம்மா."

"பக்கத்து வீட்டுக்காரி?"

எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். தபால்பெட்டியில் அவள் பெயரைப் படித்திருக்கிறேன். படியில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம். ஒரு தடவை என் வீட்டில் சோறு அடிப்பிடித்துப் புகை மணி அலறியபோது, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள், என்னைக் கண்டதும் மூடிக்கொண்டாள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் மன்றாடினேன். கேஸ் அடுப்பே இல்லை, எல்லாம் கரண்ட் என்றேன். அத்தனை தாள்களுக்கு நான் அலைந்ததைச் சொன்னேன். கடைசியில் வேறு எதுவும் இல்லாமல், "எனக்காக வாம்மா. நான் தனியா இருக்கேன். என்னால முடியல," என்று உடைந்து அழுதேன். இத்தனை வருடத்தில் அவள் முன்னால் அதைச் சொன்னது அதுதான் முதல்முறை.

அம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "வந்துருவேன்டி. நீ இம்புட்டு அழுதா வராம என்ன செய்வேன். ஆனா வந்து? நீ காலைல வேலைக்குப் போயிருவ. பொறவு வேலைல நீ தனியா இருப்ப, உன் வீட்டுல நான் தனியா இருப்பேன். ஒருத்தி தனியா இருக்கிறதுக்குப் பதிலா ரெண்டு பேரு." பிறகு, "நீ வேணா வந்துரேன்," என்றாள்.

எனக்கு வேலை அங்கே. அனு அங்கே. விஸ்வநத்தத்தில் என் மூக்குக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது, என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை.

6

கிளம்புகிற நாள் விடியற்காலை குளித்துவிட்டு வந்தேன், பிரான்சிலிருந்து கொண்டுபோன வாசமில்லாத சோப்பில்தான். திங்கட்கிழமை பரிசோதனை அறைக்குப் போக வேண்டுமே. மதுரை விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றது. பேச்சியத்தையும் வந்திருந்தாள். அம்மா கடலைமிட்டாய் பொட்டலத்தைப் பையில் திணித்தாள். அங்கே கிடைக்காதா என்று கேட்டால் அடிப்பாள் என்று தெரிந்து பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

காரில் ஏறும் முன் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குனியவைத்து உச்சி மோந்தாள். எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் பிள்ளையை வழியனுப்புவது அப்படித்தான். ஆழமாக இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். அவளுக்கு மூக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் விடாமல் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஏ பேச்சி, இங்கன வா. எம் மக தலைய மோந்து பாத்துச் சொல்லு, எப்படி இருக்கான்னு."

"என்ன மதினி இது," என்று சிரித்துக்கொண்டே பேச்சியத்தை வந்து, என் தலையைச் சாய்த்து, உச்சியில் மூக்கை வைத்தாள். அடுப்படியில் சிலிண்டருக்குக் குனிவாளே, அதே அக்கறையோடு இழுத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடியும் ஒரு தடவை, காதோரத்தில். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒண்ணுமே இல்லையே மதினி. ஒரு வாசமும் இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்குச் சரியாத்தேன் தெரிஞ்சிருக்கு," என்றாள்.